சாமியார் வளர்த்த பூனையும் எழுபதாயிரம் பொதிகளும்

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்தார் சாமியார். பூனைக்குப் பால் வேண்டுமே என்று பசு வாங்கினார். பசுவை மேய்க்க ஆள் தேடப்போய், கடைசியில் கல்யாணமே ஆகிவிட்டது. லினக்ஸ்காரர்கள் இதற்கு ‘டிபெண்டன்சி’ என்று பெயர் வைத்து, தாங்களே கண்டுபிடித்த மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஸ்டோர் பார்த்தவன் என்பதால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

1993 ஆகஸ்ட்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரை ஒட்டி, ‘டெபியன்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார். நம்மூர்ப் பையனாக இருந்தால் சந்திரசூடேஸ்வரர் மலைப் பாறையில் சுண்ணாம்பால் எழுதிவிட்டு இறங்கியிருப்பான். உலகத்துக்குச் செலவு மிச்சம். பிற்பாடு அவர்கள் பிரிந்தார்கள், பெயர் பிரியவில்லை.

1996-ல் அதில் 474 மென்பொருள் பொதிகள். ஒரு ஆள், ஒரு ரேக், ஒரு பேரேடு போதும். 1999-ல் பொதிகளை இறக்கித் தரும் ‘ஆப்ட்’ வந்தது. கோவணம் வேண்டும் என்று ஒரு வரி தட்டினால் பூனை, பசு, பெண்டாட்டி எல்லாம் தானே இறங்கிவிடும். மாமியாரும் வரட்டுமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கும். நாமும் படிக்காமலே ‘ஒய்’ அழுத்துவோம்.

2025-ல் வந்த டெபியன் 13-ல் ஏறக்குறைய 70,000 பொதிகள். அதுவும் 8,800-க்கு மேல் கழித்துக்கட்டிய பிறகு! அந்தப் பக்கம் 14,000-க்கு மேல் புதுசு வந்துவிட்டதே. எங்கள் ஸ்டோரிலும் இதே கணக்குதான். என்றோ நின்றுபோன மாடலின் புஷ்ஷைத் தூக்கிப் போடச் சொன்னால், “யாராச்சும் கேப்பாங்க சார்” என்பான் பையன். யாரும் கேட்டதில்லை.

மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் இதே டெபியனுக்கு வேட்டி கட்டி, 2007-ல் ‘பாஸ்’ என்று பெயர் சூட்டியது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்தது, கணினியைத் திறக்கும்போது கை தவறி அம்புக்குறியை அழுத்திய அன்று மட்டும்.

சிரிப்பு நின்றது 2016 மார்ச்சில். ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு அசெர் கோச்சுலு என்ற நிரலாளர், ‘என்பிஎம்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் கிடங்கிலிருந்து தன் சரக்கு முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார். அதில் ‘லெஃப்ட்-பேட்’ என்பது பதினோரு வரி. எழுத்துக்கு இடப்பக்கம் இடம் விடும், அவ்வளவுதான். அது போனதும் அதை நம்பியிருந்த மென்பொருள்களின் பில்டுகள் உலகமெங்கும் படுத்துவிட்டன. கணினி உலகம் திகைத்தது. சிப்காட்டில் ஒருவரும் திகைத்திருக்க மாட்டார்கள்: சந்துக்குள் ஷெட் போட்டு வாஷர் அடிப்பவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் இங்கே லைன் நிற்கும், மேனேஜர் தேன்கனிக்கோட்டை வரை வண்டியை விரட்டுவார்.

அதைவிடப் பெரிய கூத்து 2024-ல். ‘எக்ஸ்இசட்’ என்ற, கோப்புகளைச் சுருக்கும் பொதியைத் தனியாளாகக் கட்டி மாரடித்தவருக்கு உதவ வந்த ‘ஜியா டான்’, வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாக வேலை செய்துவிட்டு அதில் திருட்டுத்தனமாகக் கொல்லைப்புறக் கதவொன்று வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் தன் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று நோண்டியதில் குட்டு உடைந்தது.

அரை விநாடி! அத்திப்பள்ளி டோல்கேட்டில் அரை மணி நேரம் நின்றாலும் நாங்கள் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருப்போம்.