தொட்டால் தீட்டு, உதைத்தால்?

1891 உதைபந்தாட்டத்துக்கு விசேஷமான ஆண்டு. தண்ட உதை சட்டமானது அந்த ஆண்டில்தான். இங்கிலாந்தில் கோல் கம்பங்களுக்கு வலை கட்டிப் பார்த்ததும் அப்போதுதான். ஸ்ரீநகரில் விவாதம் அவ்வளவு தூரம் வரவில்லை. அங்கே கேள்வி ஒன்றே ஒன்று: இந்தச் சாமான் தோலா?

சாமானைக் கொண்டுவந்தவர் செசில் டின்டேல்-பிஸ்கோ. தொழில் பாதிரியார், பக்தியெல்லாம் படகில். 1884இல் கேம்பிரிட்ஜ் படகு ஒக்ஸ்போர்டை வென்றபோது அதற்குச் சுக்கான் பிடித்தவர் இவர். சுக்கான் பிடிப்பவர் துடுப்பு வலிப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களைப் பார்த்துக் கத்துவார். அதிபராவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பரியோவான் கல்லூரியை நடத்திய அதே சி.எம்.எஸ். மிஷன் 1890இல் இவரைக் காஷ்மீருக்கு அனுப்பியது. மறுவருடம் பம்பாயில் கலியாணம். ஸ்ரீநகர் திரும்பும்போது கையோடு ஒரு பந்தும் வந்தது.

அவருடைய பள்ளிக்கூடத்து மாணவர்களில் பெரும்பாலானோர் பிராமணப் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். பிள்ளைகள் என்பது ஒரு மரியாதைக்கு. சிலருக்குத் தாடி இருந்தது, சிலருக்கு மனைவியும் இருந்தாள். நீண்ட அங்கி, அதற்குள் குளிருக்குக் கணகணக்கும் கரிச்சட்டி, காலில் மரச்செருப்பு. ஓடுவது கூலிக்காரன் வேலை, கைகாலில் சதை திரண்டால் வீட்டுக்கே மானக்கேடு என்று வளர்க்கப்பட்டவர்கள். பந்தைக் காட்டியதும், விளையாடினால் காசு கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்காது. எதில் செய்தது? தோலில். அப்படியென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்.

என்னைக் கேட்டால் அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கையால் தொடாதே என்று சட்டமே போட்டிருக்கும் விளையாட்டு, தோலைத் தொடாத சாதிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததல்லவா! காலுக்கும் பந்துக்கும் நடுவே மரக்கட்டை வேறு. தலைமுழுக வேண்டியவர் கோல் காப்பாளர் ஒருவர்தான். எங்கள் பக்கமும் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான்: தவிலுக்கும் தோல்தான், அது சாமிக்கு முன்னாலேயே போகும், தோலைப் பதமாக்கிக் கொடுத்தவர் மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே நிற்பார்.

பிஸ்கோ தர்க்கத்தில் இறங்கவில்லை. ஆசிரியர்களின் கையில் தடியைக் கொடுத்தார். மாணவர்கள் தெருவழியே மைதானத்துக்குச் சாய்க்கப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊர் திரண்டது. அணி பிரித்து, எந்தப் பக்கம் உதைப்பது என்று காட்டி, தொடங்குங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. ஐந்து நிமிடம் தருகிறேன் என்று மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிடமும் இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே நின்றன. இதைவிடக் கட்டுக்கோப்பான தடுப்பாட்டத்தை இத்தாலிக்காரர்கூட ஆடியிருக்கமாட்டார்கள். நேரம் முடிந்ததும் கோல் பக்கம் நின்ற ஆசிரியர்கள் தடியோடு பாய்ந்தார்கள்.

பிறகு நடந்தது ஆட்டமா கலவரமா என்று பிரிப்பது கஷ்டம். செருப்புகள் பந்தைவிட உயரப் பறந்தன. தலைப்பாகைகள் அவிழ்ந்தன. அங்கி தடுக்கி ஆளுக்குமேல் ஆள் விழுந்தான். அந்த அமளியில் பந்து ஒருவனுடைய முகத்தில், அதுவும் வாயில், போய் மோதியது. எல்லாம் நின்றது. வாயில் தோல்! அவன் அழுதான், சுற்றி நின்றவர்களும் சேர்ந்து அழுதார்கள். பிஸ்கோவின் தீர்ப்பு சுருக்கமானது: தண்ணீர்க்கரைக்குக் கூட்டிப்போய்க் கழுவுங்கள், கழுவிவிட்டுத் திரும்பி வாருங்கள். போனார்கள், கழுவினார்கள், திரும்பியும் வந்தார்கள். அன்றைய இடைவேளை அதுதான். கோல் கணக்கை யாரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் நமக்குச் சொன்னவர் பிஸ்கோவேதான். வாயில் அடிவாங்கியவன் தன் பக்கத்துக் கதையை எழுதவில்லை. துரைமார் எழுதும் கதையில் உள்ளூர்க்காரன் எப்போதும் கொஞ்சம் கோமாளி, துரை எப்போதும் கொஞ்சம் சூரர். அடித்து அடித்து ஆண்மையும் சுயமரியாதையும் ஊட்டுவதில் இருந்த பகிடி அவருக்குப் பிடிபட்டதாகவும் தெரியவில்லை. ஆனாலும் மனுசன் லேசில் விடுகிற ஆளில்லை. அடுத்ததாகப் படகு வலிக்கச் சொன்னார். அது ஓடக்காரன் தொழில் என்று அதற்கும் ஒரு ரகளை. 1947 வரை அங்கேயே இருந்து ஒவ்வொன்றாகச் சாதித்துக்கொண்டார். பந்தை வேண்டாமென்ற அதே ஸ்ரீநகரில் 2016இல் பிறந்த ரியல் காஷ்மீர் உதைபந்தாட்டக் கழகம், 2018இல் ஐ-லீக் இரண்டாம் பிரிவை வென்று மேலே ஏறியது.

எங்கள் வன்னிக்கு அனுப்பியிருந்தால் பிஸ்கோவுக்கு இந்த விஷயத்தில் ஒரு வேலையும் இருந்திருக்காது. அறுவடை முடிந்த வயலென்ன, முல்லைத்தீவுக் கடற்கரை மணலென்ன, நாலு பெடியங்கள் கூடினால் கோல் கம்பத்துக்கு இரண்டு தடி நட்டுவிடுவார்கள். இங்கே மாஸ்டர்மார் தடி எடுப்பது அவர்களை மைதானத்திலிருந்து வகுப்புக்குச் சாய்ப்பதற்கு.