உள்ளே போ, உள்ளே போ

அத்தானின் பாத்திரக் கடைக்கு வெப்சைட் செய்தவர், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை 'நியூ' என்ற ஃபோல்டருக்குள் கட்டினார். நல்ல வழக்கம்தான். கட்டி முடித்துக் காசை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். முகவரியில் 'நியூ' மட்டும் நின்றுவிட்டது.

"அப்பா காலத்துக் கடை, அதுல நியூ என்ன மாப்ள நியூ? அதை மட்டும் அழிச்சுடு" என்றார் அத்தான்.

அழித்தால் படங்களின் முகவரியெல்லாம் உடையும். ஆகவே முகவரியை உள்ளுக்குள் மாற்றித் தரும் அப்பாச்சி சர்வரின் மாட்-ரீரைட். ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதி, மறுவருடம் அப்பாச்சி குழுவுக்கு இனாமாகக் கொடுத்த சரக்கு. அப்பாச்சியின் சொந்தக் கையேடே ஒரு காலத்தில், இது பில்லி சூனியம் என்று ஒருவர் சொன்னதைப் பெருமையாக எடுத்துப் போட்டிருந்தது. விதிகளை எழுதும் எச்டிஆக்சஸ் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. தகட்டை வேறு எங்கே புதைப்பார்கள்?

அதில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது: எது வந்தாலும் 'நியூ'வுக்குள் அனுப்பு. முன்னால் சாய்கோடு போட்டு எழுதியிருந்ததால் அது வேலையே செய்யவில்லை. எச்டிஆக்சஸில் ஒப்பிடும்முன் அந்தச் சாய்கோட்டை அப்பாச்சி உரித்துவிடும், உரித்ததைச் சொல்லாது.

சாய்கோட்டை எடுத்தால் 500 பிழை. இங்கே விதி மாற்றிவிட்ட முகவரி மறுபடி முதல் வரியிலிருந்து வரும். கடைசியில் 'இதோடு நிறுத்து' என்னும் 'எல்' கொடி நட்டிருந்தாலும் அந்தச் சுற்றுதான் நிற்கும். டவுன் பஸ் கண்டக்டர் ஏற்கெனவே உள்ளே நசுங்கிக் கிடப்பவரையும் "உள்ளே போ, உள்ளே போ" என்பதுபோல், நியூவுக்குள் நியூ, அதற்குள் இன்னொரு நியூ. 10 சுற்றோடு அப்பாச்சி கையை விரித்துவிடும். உள்ளே இருப்பவரை விட்டுவிடு என்று மேலே ஒரு நிபந்தனை போட்டதும் அடங்கியது. அந்த நிபந்தனையும் அடுத்த ஒரே விதிக்குத்தான் செல்லும். நடுவில் வேறு விதி நுழைந்தால் போச்சு.

ஊரில் எல்லார் போனிலும் சரியாக வந்தது. நாள் முழுக்கத் தன் வெப்சைட்டையே திறந்து ரசிக்கும் அத்தான் போனில் மட்டும் நியூ. முகப்பை நியூவுக்குத் திருப்ப முன்னவர் முன்பு தனியாக ஒரு 301 போட்டு வைத்திருந்தார். நிரந்தர மாற்றம் என்று அர்த்தம். ஒருமுறை கேட்ட பிரவுசர் அப்புறம் சர்வரிடம் விசாரிப்பதில்லை. சோதனைக்குத் தற்காலிகமான 302 போடுவதுதான் புத்தி.

"இன்காக்னிட்டோல திறங்க, அத்தான்" என்றேன். வந்தது. பூரித்துப்போய் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா வெப்சைட்டைப் பார்க்கவில்லை. "இந்தக் கறுப்பு ஸ்க்ரீனெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"உன் தம்பிதான்" என்றார் அத்தான்.