அமுக்கு, பிடி, விடு

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆக வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் காசு கொடுத்தவன், அதை மறுபடி பழையபடியே கல்லாக்கித் தரச் சொல்லிப் போன மாதம் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன். "எல்லாரும் பவர் பிரேக் வெச்சுக் குடுங்கன்னுதான் சார் வருவாங்க. நீங்க எடுத்துரச் சொல்றீங்களே!" என்று மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார்; பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

வண்டி, அப்பா 1982இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், துணைக்கு அப்பாவின் வலது கால், அவ்வளவுதான். சேலத்துச் சாலையில் மாட்டு வண்டி ஒன்று தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே அவர் நிறுத்தத் தொடங்கிவிடுவார். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங் பக்கத்துக் கம்பியை இழுத்துக் கியரைக் குறைத்து, சீட்டில் முதுகை ஊன்றி அவர் மிதிக்க, பின் சீட்டில் அம்மாவும் காலடியில் இல்லாத ஒரு பெடலை விடாமல் மிதிப்பாள். வண்டி நின்றதில் யார் பங்கு அதிகம் என்பது வீடு வரும் வரைக்கும் பேச்சு. மழைக்காலத்தில் தரைப்பாலத்துத் தண்ணீரைக் கடந்து கரையேறியதும் பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார். "பிரேக்கு காயட்டும்" என்பார். ஈரமான பிரேக் ஷூ வழுக்குவதும், காய்ந்து மெல்ல மெல்லப் பிடிக்கத் தொடங்குவதும் அவர் பாதத்துக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்.

எனக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. 1994இல், மாருதி வைத்திருந்த நண்பன் ஒருவன் ஒரே ஒரு முறை என் வண்டியை ஓட்டிப் பார்த்து, "இதுக்கு லாரியே ஓட்டிரலாம்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரமே சென்னைக்கு ரயிலேறி, புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு நாள் முழுக்கக் கறுப்பு எண்ணெயில் கை நனைத்து, ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய வேக்குவம் பூஸ்டரைச் சட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தைக் கடன் வாங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் திரையை அசைத்து நம் காலோடு சேர்ந்து தள்ளுகிற சட்டி அது. அதற்குத் தோதாகப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் ஒன்றும் போட்டோம். விரல் நுனியால் மிதித்தாலே நின்றது. அப்பா ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நின்னுச்சு. ஆனா ஒண்ணும் சொல்லலையே" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அந்த வருஷமே ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். எஞ்சினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது என் சட்டம். முதல் மிதி பஞ்சு, இரண்டாவது மிதி கட்டை, மூன்றாவது கருங்கல். எஞ்சின் அணைந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் சேமிப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பூஸ்டரே இல்லாத வண்டியைவிடப் பூஸ்டர் செத்த வண்டி மோசம், ஏனென்றால் அந்தப் பெரிய சிலிண்டர் மனிதக் காலுக்காகப் போட்டதல்ல. சாவியைத் திருகி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் உறுமி உயிர்பெற்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அடிவாரம் வரை வாயே திறக்கவில்லை. அங்கே, "மிச்சம் புடிச்ச பெட்ரோல்ல ஒரு டீ வாங்கிக் குடு" என்றார்.

இப்போது அந்த ரப்பர் திரை கிழிந்துவிட்டது. பெடலை மிதித்தால் 'உஸ்' என்று பெருமூச்சு. சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுக்கம். அம்பாசிடர் தயாரிப்பே 2014இல் நின்றுபோன பிறகு, நான் எங்கிருந்தோ கொண்டுவந்த ஜோடிக்கு உதிரி தேடி எங்கே போவது? பரணில் பார்த்தால், அப்பா காலத்துச் சிறிய மாஸ்டர் சிலிண்டர், நான் எறியச் சொன்னது, செய்தித்தாள் சுற்றியபடி இருக்கிறது. அம்மா எதையும் எறிந்ததில்லை. சிலிண்டர் சிறியதானால் அதே மிதிக்கு அழுத்தம் கூடும், பெடல் மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். போதாததற்கு, டிரம் பிரேக்கில் சுழலும் சக்கரமே ஷூவை இழுத்து இறுக்கிக் கொடுக்கும். புது சீல் போட்டு, பூஸ்டருக்குப் போன குழாயின் வாயை எஞ்சினில் அடைத்து, புஷ் ராடுக்குத் துளி இடைவெளி விட்டு மாட்டினார் மெக்கானிக்.

கடைசி வேலை, பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது. சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அது என் உத்தியோகம், சக்கரத்தடியிலிருந்து அப்பா "அமுக்கு... பிடி... விடுடா" என்பார். சீக்கிரம் விட்டால் காற்று மறுபடி உள்ளே போகும், திட்டு விழும். மெக்கானிக்கின் பையன் அன்றைக்கு லீவு. நானே ஏறி உட்கார்ந்தேன். பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். "அமுக்குங்க சார்... புடிங்க... விடுங்க." பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக வந்து, பிறகு நின்று, என் காலடியில் பெடல் திடமாக எழுந்து வந்தது. செருப்பைக் கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்துப் பக்கம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வருவதைப் பார்த்தால், குறுக்கே திரும்ப நினைப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துத் திரும்புங்கள். நான் அங்கேயே அமுக்கத் தொடங்கிவிட்டேன்.