சவரக்கத்தித் துரு: ஒரு துருவாய்வு

பாலத்தைத் தின்ற துருவையும் கப்பலைக் கவிழ்த்த துருவையும் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். குளியலறை மாடத்தில் ஈரத்தோடு மடக்கி வைக்கப்பட்ட சவரக்கத்தியை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. அந்தக் குறையைப் போக்க வந்த இவ்வாய்வின் கருதுகோள்: கத்தியைக் கெடுப்பதில் தண்ணீரின் பங்கு பாதிதான், மீதி, அதைப் பத்திரப்படுத்துகிறவரின் பாசம்.

முதலில் கத்தியின் சாதகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் அடிக்கப்பட்ட பழைய கத்திகள், சுமார் 1 சதவீதம் கரிமம் கலந்த எஃகு. கூர் நிற்பது அந்தக் கரிமத்தால். தீட்டிய கத்திவாயின் நுனி ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத துருவே அதற்குப் போதும். தாடையில் வைத்து இழுக்கும்போதுதான் விஷயம் வெளிவரும்.

1913இல் ஷெஃபீல்டின் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழலுக்கு நல்ல எஃகு தேடப் போய், சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். உள்ளூர்க் கத்திக்காரர்களோ, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் கூரும் குரோமியமும் சமாதானமாயின. ஆனாலும் அந்த எஃகு துருவைத் தள்ளிப்போடுமே தவிர, உப்பு ஈரத்தில் ஊறினால் அதுவும் கறைபடும்.

இனி குற்றவாளிகள். முதலாமவர் தோல் உறை: ஈரத்தை உறிஞ்சி, விடாமல் வைத்துக்கொள்வார். இரண்டாமவர் கைப்பிடியின் ஆணி. அதன் இடுக்கில் தங்கும் சொட்டை எந்தத் துண்டும் எட்டாது. மூன்றாமவர்தான் ஆய்வுலகை அதிரவைக்கிறார். தந்தம் போலவும் ஆமையோடு போலவும் வேடமிட்ட செல்லுலாய்டு கைப்பிடி, வயதாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கும். அவை காற்றின் ஈரத்தோடு கூடி நைட்ரிக் அமிலமாகும். பெட்டியைத் திறந்தால் கற்பூர நெடி. கத்தியை விரித்தால், அலகு கைப்பிடிக்குள் படுத்திருந்த இடத்தில் மட்டும் செம்பழுப்புத் திட்டு. தண்ணீரையே பாராமல் துருப்பிடித்த கத்தி அது.

தடுப்பு எளிது. அலகைத் துடைத்து, கைப்பிடியின் இடுக்கில் பருத்தித் துணியை நுழைத்து இழுத்து, சில மணி நேரம் விரித்தே வைக்க வேண்டும். நெடுநாள் தூங்கப்போகும் கத்திக்கு எண்ணெய்ப் பூச்சு அவசியம். எந்த எண்ணெய் என்பதில் இரு கட்சி. தேங்காய் எண்ணெய்க் கட்சியின் பலவீனம், நாளாக நாளாக அடிக்கும் சிக்கு வாடை. தையல் மெஷின் எண்ணெய் கனிம எண்ணெய் என்பதால் அந்த வம்பு இல்லை. மறுபடி சிரைக்கும்முன் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

நீக்கத்தில் நிதானம் தேவை. மேலோட்டமான துருவுக்கு உலோகப் பாலிஷும் மெல்லிய துணியும் போதும். முதுகிலிருந்து வாயை நோக்கியே தேய்க்க வேண்டும், மாற்றித் தேய்த்தால் விரல் போகும். அடுத்த கட்டத்துக்கு எண்ணெய் தொட்ட 2000ஆம் எண் உப்புத்தாள். வினிகரில் ஊறப்போட்டு மறந்தால், துருவை முடித்த கையோடு எஃகையும் அரிக்கும். மோட்டார் சக்கரத்தில் கொடுத்தால் மெல்லிய வாய் சூடேறிப் பதம் இழக்கும்.

துரு அரித்த குழி கத்தியின் வாயையே தொட்டுவிட்டால், அது மறையும்வரை சாணைக்கல்லில் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. அலகு கொஞ்சம் ஒடுங்கும், சிரைப்பு கெடாது. முதுகுப் பக்கத்துக் குழிகளைத் துரு போக்கி அப்படியே விட்டுவிடலாம். அவற்றுக்கும் முகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.