கட்-ஆஃப் அப்பா

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு பேர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஒருவர் பிள்ளை, இன்னொருவர் கட்-ஆஃப் அப்பா. இருவரில் அதிகம் உழைப்பவர் யார் என்று கேட்டால், அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விடுவார்.

கட்-ஆஃப் அப்பாவை அடையாளம் காண்பது எளிது. கையில் பிளாஸ்டிக் உறைகள் கோத்த ஒரு ஃபைல் இருக்கும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ எல்லாம் அதில் வரிசைப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஊர், பேர் எதுவும் விசாரிக்கமாட்டார். எடுத்த எடுப்பிலேயே, "பையன் என்ன குரூப்?" என்பார். "காமர்ஸுங்க" என்று பதில் வந்தால் முகத்தில் அனுதாபம் படரும். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அந்த இலைக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்வார்.

இவர் பிறவியிலேயே இப்படி அல்ல. மகள் ஒன்பதாம் வகுப்பு போன வருஷம் பள்ளி வாசலில் யாரோ கையில் திணித்த வண்ணக் காகிதம்தான் ஆரம்பம். அதில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். அதே நாற்பதில் நாலைந்து முகங்கள் எதிர்த்த நிறுவனத்தின் காகிதத்திலும் சிரித்ததை அவர் கவனித்தார். வேறொருவர் என்றால் சந்தேகப்பட்டிருப்பார். இவரோ, "இரண்டு இடத்திலும் படிச்சிருக்காங்க பாரு, அதான் ஜெயிச்சிருக்காங்க" என்று முடிவுகட்டி இரண்டு இடத்திலும் விசாரித்தார். 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டதை நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னபோது, "அது பிள்ளைங்களுக்குத்தானே? அப்பாக்களுக்கு வயசு வரம்பு போடலையே" என்றார். உண்மைதான். அன்றிலிருந்து அவர் தினமும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறார்.

நீட் தேர்வைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண், உயிரியலுக்கு மட்டும் 360, சரியான விடைக்கு நான்கு, தப்பானால் மைனஸ் ஒன்று. இரண்டு பேர் சம மதிப்பெண் வாங்கினால் முதலில் உயிரியலையும் பிறகு வேதியியலையும் பார்ப்பார்கள் என்பது வரை மனப்பாடம். எம்.எம்.சி., ஸ்டான்லி, கே.எம்.சி. என்று தொடங்கி, 2022இல் ஒரே நாளில் திறந்த 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் வரை எங்கே எந்தச் சமூகத்துக்கு எத்தனையில் சீட் முடிந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பாடத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஞாயிறு காலை மகளைக் கேள்வி கேட்பது அவர் வழக்கம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

"எண்டோ... எண்டோபிளாஸ்மிக் ரெட்டி..."

"ரெட்டிகுலம்ப்பா."

"அதேதான். அந்த ரெட்டி என்ன வேலை பாக்கிறாரு?"

மகள் சொல்லிக்கொண்டே போவாள். அப்பா பக்கத்தின் அடியில் விரலை வைத்தபடி தலையாட்டுவார். விரல் இருப்பது வேறு பாடத்தில் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டாள், மரியாதை தெரிந்த பெண்.

மைனஸ் மார்க் இந்த வீட்டின் பேச்சையே மாற்றிவிட்டது. "தெரியாத கேள்வியைத் தொடாதே. தப்பாப் போட்டா ஒண்ணு இல்ல, அஞ்சு போகுது" என்பது அவர் கணக்கு. வர வேண்டிய நான்கும் போய், கையிலிருப்பதில் ஒன்றும் போவதால் அந்தக் கணக்கு சரியே. ஆனால் அதைச் சாம்பாருக்கும் போட்டார். "உப்பு குறைஞ்சா பரவாயில்ல, நாலோட போச்சு. கூடிட்டா அஞ்சு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். "அப்ப நானும் தெரியாததைத் தொடலைங்க" என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துபோனார். அன்று இரவு வீட்டுக்குப் பரோட்டா வந்தது.

அவரும் ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வு எழுதியவர்தான். தமிழ்நாட்டில் 1984இல் வந்து, 2006 சேர்க்கையோடு விடைபெற்ற அந்தத் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வைத் தொண்ணூறுகளின் நடுவில் எழுதினார். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குக் கட்-ஆஃப். அந்த 300இல் இவர் எடுத்தது எவ்வளவு என்பது இன்றுவரை அரசாங்க ரகசியம். மகள் கேட்டால், "அப்பல்லாம் கொஸ்டின் ரொம்ப டஃப்மா" என்பார். பாட்டி வாயைத் திறக்கப் போனால், "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று குறுக்கே விழுவார்.

அரசியலில் அவர் நிலை கொஞ்சம் சிக்கலானது. டீக்கடையில் நீட்டை ஒழித்தே ஆகவேண்டும் என்று மேஜையைத் தட்டுவார். தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் விலக்கு மசோதாவை நிறைவேற்றிய செய்தியைக் கேட்டு அங்கே நாலு பேருக்கு வடை வாங்கிக்கொடுத்தவர் இவர். இப்போது யாராவது, "வர்ற வருஷம் நீட் இருக்காதாமே" என்றால் மட்டும் முகம் வெளுத்து, தெருமுனைக்குப் போய்ப் பயிற்சி மையத்துக்குப் போன் போடுவார்: "சார், ஒருவேளை எக்ஸாமே இல்லேன்னா ஃபீஸ் திருப்பித் தருவீங்களா?" அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலைக் கேட்டபின், தேர்வு இந்த ஒரு வருஷம் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வார்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவரை வேறு விதத்தில் வாட்டியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் அந்த ஒதுக்கீடு 2020இல் வந்தது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியைத் தவிர்ப்பதற்காகவே வேன் கட்டணத்தோடு சேர்த்து லட்சக்கணக்கில் கொட்டியவர் அவர். அந்தப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்து ஒரு பெருமூச்சு விடுவார்.

புள்ளிவிவரங்கள் அவரை ஏமாற்றிய கதையும் உண்டு. 2024 ஜூன் 4ஆம் தேதி நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே நீட் முடிவும் வந்தது. நாட்டை யார் ஆளப்போகிறார் என்பது இவருக்கு மறுநாள்தான் தெரியும். முதலில் 67 பேருக்கு 720க்கு 720 என்று பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கருணை மதிப்பெண் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1,563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்பு என்று ஒவ்வொன்றையும் தினசரியில் வெட்டி ஃபைலில் சேர்த்தார். அந்தக் கணக்கை வைத்து, அரசுக் கல்லூரி வேண்டுமானால் மகள் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினார். 2025இல் இயற்பியல் வினாத்தாள் பிள்ளைகளைப் புரட்டிப் போட, அகில இந்திய முதலிடமே 686இல் நின்றது. அட்டவணை கிழிந்தது. அதைக் கிழித்தது யார் என்று கேட்டதற்கு, "காத்துலப்பா" என்றாள் மகள். அறையில் காற்றாடி ஓடவில்லை.

வீட்டுச் சட்டங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். டி.வி. ஊமைப் படமாகத்தான் ஓடவேண்டும். உறவினர் வந்தால் வாசலிலேயே காபி. வாரம் மூன்று நாள் வல்லாரைக் கீரை. மற்ற நாளில் வல்லாரைத் துவையல். மாக் டெஸ்ட் நாளில் தாத்தா இருமக்கூடாது. பயிற்சி மையத்தின் பெற்றோர் வாட்ஸப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு, "உங்க பொண்ணு கெமிஸ்ட்ரி மாடியூல் மூணு முடிச்சாச்சா?" என்று ஒருவர் போட்டால், அடுத்த அறையில் தூங்கும் மகளை எழுப்பலாமா என்று யோசிப்பார். எழுப்பமாட்டார். தாமே அந்த மாடியூலை எடுத்துப் புரட்டிவிட்டு, நிம்மதி இல்லாமல் படுப்பார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்தி முற்றியது. கடலூர் பக்கம் திருவஹீந்திரபுரத்துக்குப் போய், ஹயக்ரீவர் சந்நிதியில் நான்கு கறுப்புப் பேனாக்களை வைத்துப் பூஜை செய்து கொண்டுவந்தார். நீட் தேர்வறைக்குள் சொந்தப் பேனா கொண்டுபோகக் கூடாது, அவர்களே பேனா கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த விதியை வாட்ஸப் குழுவில் மற்றவர்களுக்குப் போட்டதே அவர்தான். "உள்ளே போகாட்டி என்ன, பையிலயாவது இருக்கட்டும்" என்றார். பையும் உள்ளே போகாது. ஹால் டிக்கெட்டை அன்று மாலையே லேமினேட் செய்தார். தேர்வறையில் கண்காணிப்பாளர் முன்னால் கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் அது. பிளாஸ்டிக்கில் மை ஒட்டாது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஊரில் திறந்திருந்த ஒரே பிரவுசிங் சென்டரில் மறுபடி பிரிண்ட் எடுத்தார்கள்.

தேர்வு நாள். அரைக்கைச் சட்டை, செருப்பு, காதில் கம்மல் இல்லாத மகள். ஒன்றரை மணிக்குக் கதவு அடைத்தார்கள். இரண்டிலிருந்து ஐந்துவரை உள்ளிருந்து ஒருவரும் வெளியே வரமுடியாது, ஒரு போன்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் மூன்றேகாலுக்கே வாசலில் நின்ற அப்பாக்கள் அத்தனை பேருக்கும் இயற்பியல் ரொம்ப லென்த்தி என்று தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைக் காட்டினார்கள். கட்-ஆஃப் அப்பா அங்கேயே ஃபைலின் பின்பக்கத்தில் கட்-ஆஃப் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சிலர் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"எப்படிம்மா? பிசிக்ஸ் லென்த்தியா?"

"பசிக்குதுப்பா."

"பயோ எத்தனை அட்டெண்ட் பண்ணினே?"

"புளிசாதம் இருக்காப்பா?"

இருந்தது. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கேள்வித்தாளை வாங்கி, போனில் வந்த மூன்று விடைக்குறிப்புகளோடு ஒப்பிட்டு, மூன்று விதமான மதிப்பெண் எடுத்துவிட்டார். மூன்றையும் கூட்டிச் சராசரி பார்த்தார். தசமம் வந்தது.

முடிவு வந்தபோது அந்தச் சராசரிக்குப் பக்கத்தில்கூட மதிப்பெண் இல்லை. அரசுக் கல்லூரி கிடைக்காது என்பது தெளிவாயிற்று. வீடு இரண்டு நாள் துக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள், "ரிப்பீட்டர் பேட்ச் ஜூலைல ஆரம்பிக்குதாம்" என்று அவர் வாய் திறந்தார். அப்போதுதான் மகள், தானே பூர்த்திசெய்து கட்டணமும் கட்டியிருந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக விண்ணப்பம். மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200க்குக் கட்-ஆஃப்.

"இது எப்பம்மா ஆசை வந்திச்சு?"

"பத்தாவதுலேருந்து சொல்றேனேப்பா. நீங்க பயோல எவ்வளவு வரும்னுதான் கேட்டீங்க."

அம்மா, தாத்தா, பாட்டி மூவருக்கும் இது தெரிந்திருந்தது. தெருவிலிருக்கும் மூன்று நாய்களுக்கும் தெரிந்திருக்கும். அவள் சாப்பாடு போட்டு, காயத்துக்கு மருந்து தடவி வளர்த்தவை அவை. கட்-ஆஃப் அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஃபைலை எடுத்தார். மறுநாள் காலைக்குள் 1903இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி முதல் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, உடுமலைப்பேட்டை வரை எங்கே எத்தனையில் சீட் முடிந்தது என்பது அவர் விரல்நுனியில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்து நின்றபோது அவனுக்கும் ஆலோசனை சொன்னார். சம மதிப்பெண்ணில் எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் முடிவுசெய்யும் அந்தப் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண்ணைப் பார்த்து, "ஒன்பதுல ஆரம்பிக்குது, நல்லாப் பண்ணியிருக்கே" என்று பாராட்டினார். அது கணினி போட்ட எண் என்பதை அவனும் சொல்லவில்லை.

இவரைத் திருத்த முடியாது, திருத்த வேண்டியதும் இல்லை. ஒரு சான்றிதழ் குறைந்தாலும் சீட் கைநழுவும் நாட்டில், ஐந்து ஜெராக்ஸோடு ஒருவர் காத்திருப்பது வீட்டுக்குப் பலம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், என்ன படிக்க ஆசை என்று பிள்ளையிடம் ஒருதரம் கேட்டுவிட்டால் போதும். எந்த விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. வீட்டில்தான் கேட்டாக வேண்டும்.