லயக் காம்பராவில் எட்டுக்கால் பூச்சிக்குக் குடித்தனம் வைப்பது எப்படி?

சிலந்தி வளர்க்க ஆசைப்படும் பணக்காரர்கள் கண்ணாடிப் பெட்டி, விளக்கு என்று செலவழிக்கிறார்களாம். ஹட்டன், நுவரெலியா பக்கத்து லயங்களில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவே இல்லை. செய்ய வேண்டிய முதல் வேலை, கட்டடத்தைப் பழுது பார்க்காமல் விடுவது. அதை வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே தோட்டம் பொறுப்பாகச் செய்து வருகிறது. துருவேறிய தகரம், வெடித்த சுவர், அடுப்புப் புகை படிந்த கைமரம். எட்டுக்கால் பூச்சிக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்து, இடம் ஒதுக்குங்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மனிதருக்குத் தரை, மற்றவர்களுக்குச் சுவர். கூரை மூலையை நூல்கால் சிலந்திக்குக் கொடுங்கள். உடம்பு நெல்லளவுதான், கால்தான் நீளம். விளக்குமாற்றால் தொட்டுப் பாருங்கள்: வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். ஆடுகிற வேகத்தில் உருவமே மங்கிப்போகும், எங்கே அடிப்பது என்று புரியாது. சம்பளப் பேச்சுவார்த்தை பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஜன்னல் கட்டை தாவும் சிலந்திக்கு. இது வலை கட்டி இரைக்குக் காத்திருக்காது. ஈயைக் குறிவைத்துப் பாயும், பாயும்போது பின்னால் ஒரு நூலையும் விட்டுக்கொண்டே போகும். எட்டுக் கண்ணில் முன்னிரண்டு பெரிசு. விரலை அசைத்தால் திரும்பி நின்று உங்களையே பார்க்கும்.

கதவுக்குப் பின்னால் வேட்டைச் சிலந்தி. கால் விரித்தால் உள்ளங்கை அகலம், உடம்போ தட்டை; எந்த வெடிப்புக்குள்ளும் நுழைந்துவிடும். விளக்கணைத்த பிறகுதான் வேலைக்கு இறங்கும், கரப்பான் பிடிக்கும். பெட்டை, வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டே திரியும். அதைக் கண்டதும் வீடே அலற வேண்டும் என்பது சம்பிரதாயம். ஆச்சி மட்டும் "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பெரிய இடத்து விருந்தாளி வேண்டுமென்றால் மரப்பொந்தில் தேடுங்கள். 1895இல் போக்கொக் என்பவர் பெயரிட்ட பொயிசிலோதீரியா சப்ஃபஸ்கா, நம் மலைநாட்டுப் பெருஞ்சிலந்தி. சிங்களத்தில் திவிமகுளுவா. இந்த இனம் கடித்தால் தசை இழுத்துப் பிடித்துக் கடுமையாக வலிக்கும்; கையில் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். அதன் சொந்தக்காரர் ஒருவர், 2012இல் பெயரிடப்பட்ட பொயிசிலோதீரியா ராஜேயி, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் விடுதியிலும் குடியிருந்தார். அரசாங்க விடுதி யாருக்குக் கிடைக்கிறது பாருங்கள். நாம் ஏழு பேர்ச் காணிக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, பயத்தை ஒழுங்காகப் பங்கிடுங்கள். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. வீட்டுச் சிலந்தி கடித்து அப்படி ஒரு செய்தி வந்து நான் வாசித்ததில்லை. ஆனாலும் செருப்படி என்னவோ சிலந்திக்குத்தான்.

தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஒட்டடையைத் தாராளமாக அடியுங்கள். முட்டைப் பையோடு நிற்கும் வேட்டைச் சிலந்தியை மட்டும் ஒரு போத்தலால் மூடி, அடியில் பழைய கலண்டர் அட்டையைச் செருகி, இஸ்தோப்புக்கு வெளியே விட்டுவிடுங்கள். எது கடித்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வீக்கமோ இழுப்போ கூடினால் மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.