பட்டி பார்த்த கம்பீரம்

உத்தரபாரா ஆலை 2014-இல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியதும் வண்டிக்கு மவுசு கூடிவிட்டது. பழையதை வாங்கி வந்தவர் வீட்டு வாசலிலேயே டிங்கரிங்கில் இறங்குகிறார். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க, காசளவு துரு தோசையளவு ஓட்டையாகிறது. மிதியடியைத் தூக்கினால் கீழே வாசல் கோலம் தெரிகிறது. காற்றோட்டமாம்! அரித்த தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு வெல்டிங் வைக்கச் சொன்னால், ‘ஒரிஜினல் பாடி சார், கை வைக்கக்கூடாது’ என்கிறார். அந்த ஒரிஜினல் மேல் கிலோக்கணக்கில் பட்டியை அப்பி, ரெட் ஆக்சைடு அடித்து, வெள்ளை பெயிண்டும் பூசியாயிற்று. பழைய கலெக்டர் வண்டியின் கம்பீரம். துருவுக்கோ உள்ளே பணி நீட்டிப்பு. ஐப்பசி மழை முடிந்ததும் சக்கர வளைவில் பெயிண்ட் கொப்புளிக்கும். அதற்குள் வண்டியை விற்கப் பார்ப்பார். வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு காந்தத்தோடு போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.